கொதிக்க வைக்காத நீலம்

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தபோது கிளெனிஸ் டக்ஃபீல்ட் கொல்லையில் யூகலிப்டஸ் பட்டை காய்ச்சிக்கொண்டிருந்தாள். பேசியது டன்வுட் முதியோர் இல்லத்து வரவேற்பு மேசைப் பெண். அக்கா கோரலை ஆம்புலன்சில் ஏற்றி லான்செஸ்டன் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். விரல் பத்தும் நீலம் பாரித்துவிட்டதாம். இதயமாக இருக்கலாம், நுரையீரலாக இருக்கலாம், பதற வேண்டாம்.

"பதற வேண்டாம்னு சொல்றதுக்கா போன் பண்ணீங்க? எத்தன மணிக்கு ஏத்துனீங்க?" என்றாள் கிளெனிஸ்.

"ஒன்பதே முக்கால்."

"இப்ப பதினொண்ணு."

கிளெனிஸ் அடுப்பை அணைத்தாள், கார்ச் சாவியை எடுத்தாள். முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். உறைபனி படிந்த மலைச் சாலையில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு முறைகூடச் சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கியதில்லை. அன்றைக்கும் வேகத்தைக் கூட்டவில்லை. பாதி வழி போனபின்தான் ஸ்டியரிங்மேல் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்களில் நீலம். வியாழக்கிழமை சாயம் தோய்த்தபோது ஏறியது, இரண்டு நாளாகத் தேய்த்தும் போகவில்லை.

காரை ஓரம் கட்டினாள். பிறகு, பேருந்தில் இருந்த காலத்தில் பிள்ளைகள் முன்னால் ஒருபோதும் சொல்லாத ஒரு வார்த்தையை உரக்கச் சொன்னாள். அது யாருக்கு என்று அப்போது அவளுக்கே தெளிவில்லை.

மருத்துவமனை நடைபாதையில், சுவரோடு ஒட்டிய ஒரு தள்ளுகட்டிலில் கோரல் கிடந்தாள். எழுபத்தேழு வயது. மறதி நோய் வந்து ஐந்தாவது வருடம். கூட யாரும் இல்லை. இடது முன்கையில் தோல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் உரிந்து, ஒரு ஓரமாகச் சுருண்டு நின்றது. விரிப்பில் ரத்தம். தெரியாத இடம், தெரியாத சத்தம், கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவள் தன் கையையே உரித்துவிட்டாள்.

மூன்று மணிக்கு ஒரு இளம் மருத்துவர் வந்தார். ஸ்பிரிட் பஞ்சை எடுத்து விரல் நுனியைத் துடைத்தார். பஞ்சு நீலமாயிற்று, விரல் வெளுத்தது. இன்னொரு விரலைத் துடைத்தார். அதுவும் அப்படியே.

"உங்க அக்காவுக்கு ஒண்ணுமில்லங்க. இது சாயம்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"தெரியும்" என்றாள் கிளெனிஸ். "வந்ததுமே சொன்னேன், யாரும் காதுல வாங்கல. சிரிக்கறதுன்னா கையக் கட்டுப் போட்டுட்டுச் சிரிங்க."

கோரல் நாற்பது வருடம் கம்பளி தரம் பிரித்தவள். மிட்லண்ட்ஸ் பக்கத்துப் பண்ணைகளில் ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை ஒவ்வொன்றிலும் அவளைத் தெரியும். ஒரு கொத்து ரோமத்தை இரண்டு கையாலும் பிடித்து, காதருகே கொண்டுபோய் வெடுக்கென்று இழுப்பாள். இழை அறுகிற சத்தத்தை வைத்து, அந்த ஆடு போன கோடையில் பட்டினி கிடந்ததா என்று சொல்லிவிடுவாள். பெண்பிள்ளைக்குத் தரம் பிரிக்கத் தெரியுமா என்று கேட்டவர்களை அவள் திட்டிய திட்டு இன்னும் சில கொட்டகைகளில் பேச்சாக இருக்கிறது.

தங்கை அக்காவிடமிருந்து கம்பளி வாங்கிக்கொண்டாள். திட்டும் வாங்கிக்கொண்டாள். கிளெனிஸுக்குக் கணவன் இருந்தான், மேற்குக் கடற்கரைச் சுரங்கத்துக்குப் போனான், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அவனைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றும்வரை ஆறு மணி நேரம் சும்மா கிடக்கும். அந்த ஆறு மணி நேரத்தில்தான் அவள் நூற்கவும் பின்னவும் சாயம் காய்ச்சவும் தானாகக் கற்றுக்கொண்டாள். சாலையோரம் விழுந்த பட்டையும் இலையும் பேருந்தின் பின்சீட்டில் ஏறும். பிள்ளைகள் அதற்கு "இருமல் மருந்து பஸ்" என்று பெயர் வைத்தார்கள்.

ஸ்வெட்டரும் காலுறையும் பின்னுவதில் அவளுக்கு ஆர்வம் இல்லை. ஒரே துண்டில் மெரினோ கம்பளி, அல்பாகா ரோமம், லினன் நூல், முரட்டுப் பட்டு என்று நாலையும் சேர்த்துப் பின்னிப் பார்ப்பாள். ஒரே சாயப் பானையில் போட்டாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நிறம் குடிக்கும். யூகலிப்டஸ் சாற்றில் கம்பளி செங்கல் நிறமாகும், லினன் வைக்கோல் நிறத்தோடு நின்றுவிடும். அந்த வித்தியாசத்தை வைத்தே அவள் மலையும் சாலையும் மரம் வெட்டிய காடும் பின்னினாள். நாலு மீட்டர் நீளத்தில் அவள் பேருந்து போன பாதை முழுக்க ஒரு பின்னல் திரையாக நகரசபைக் கூடத்தில் தொங்குகிறது. திறப்பு விழாவுக்கு வந்த கோரல், மேயர் பேசிக்கொண்டிருக்கும்போதே அதைக் கிள்ளிப் பார்த்து, "மட்டமான கழுத்து ரோமத்தப் போட்டு ஏமாத்தியிருக்கா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

மறதி வந்தபின் கோரலின் தலை விட்டுவிட்ட வேலையைக் கை விடவில்லை. போர்வையைப் பிய்த்தாள், சட்டைப் பொத்தானைப் பிய்த்தாள், ஒன்றும் அகப்படாவிட்டால் தன் தோலைப் பிய்த்தாள். அந்த வயதில் தோல் ஈரக் காகிதம் மாதிரி. ஒரு மாதத்தில் மூன்று கிழிசல். அப்போதுதான் கிளெனிஸ் கைக்கூடு பின்னிக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் திறந்த குட்டைக் குழாய் அது. பக்கத்துக்கு ஒரு கையாக உள்ளே விட்டுக்கொள்ளலாம். உள்ளும் புறமும் நாலு விதமான இழைகள், சுருள், முடிச்சு, வரப்பு. கோரலின் விரல்கள் நாள் முழுக்க அதற்குள் மேய்ந்துகொண்டிருக்கும். எட்டு மாதம், ஒரு கிழிசல்கூட இல்லை. இல்லத்தின் புதிய மேலாளர் லியான் வோஸ் அதைப் படம் பிடித்துச் செய்தித்தாளில்கூடப் போட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கிளெனிஸுக்கு இந்தக் குளிர்காலத்தில் அவுரி நீலத்தின்மேல் ஆசை வந்தது. தொட்டி கட்டி, புதிதாகப் பின்னிய கைக்கூட்டை வியாழக்கிழமை பதினாலு முறை தோய்த்தாள். ஒவ்வொரு முறையும் பச்சையாக வெளியே வந்து காற்றுப் பட்டு நீலமாகும். பதினாலாவது முறை வந்த நீலத்தை அவள் அதுவரை கண்டதில்லை. நூற்போர் சங்கத்துத் தோழி நெரிடா பார்த்துவிட்டு, "அடிப்பாவி, இந்த நிறத்த எங்க இருந்து திருடுன?" என்றாள்.

அவுரி தோய்த்தால் கடைசியில் சோப்புத் தண்ணீரில் வெகுநேரம் சூடாக ஊறப்போட வேண்டும். மேலாக ஒட்டியிருக்கிற சாயம் கழன்று வந்துவிடும். பிறகு வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் நீலம் ஏறாதவரை நூலை யார் கையிலும் கொடுக்கக் கூடாது. சங்கத்தில் சேர்ந்த முதல் மாதமே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ஆனால் அப்படிச் செய்தால் நிறம் இரண்டு படி இறங்கும். கிளெனிஸுக்கு மனம் வரவில்லை. குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசினாள். தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் புதுக் கைக்கூட்டைக் கோரலிடம் கொடுத்துவிட்டு, நிறத்தைத் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

திங்கட்கிழமை காலை லியான் வோஸ் அறையில் கூட்டம். மேசைமேல் ஒரு அறிக்கை. லியானுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். இதற்கு முன் ஹோபார்ட்டில் ஏதோ ஹோட்டல் நடத்தியவள். பேச்சில் எப்போதும் ஒரு மென்மை இருக்கும், தலையணை உறையில் போட்ட கல் மாதிரி.

"உங்க மனசு எங்களுக்குப் புரியுது, கிளெனிஸ்."

"என் மனசு இருக்கட்டும். அந்த அறிக்கையக் குடுங்க."

படித்தாள். குடும்பத்தினர் கொண்டுவந்த பாதுகாப்பற்ற பொருளால் இந்தச் சம்பவம் நேர்ந்தது என்று ஒரே ஒரு காரணம் எழுதியிருந்தது.

"இதுல பாதிதான் உண்மை" என்றாள் கிளெனிஸ். "நான் அவுரிய ஒழுங்கா அலசல. அது என் தப்பு. அத நானே எழுதிக் கையெழுத்துப் போடறேன். மீதிப் பாதி எங்க?"

"எந்தப் பாதி?"

"அன்னைக்கு வேலையில இருந்த உங்க ஏஜென்சி நர்ஸ் விரல்ல ஆக்சிஜன் கருவி மாட்டிப் பாத்தாங்களா இல்லையா?"

லியான் காகிதத்தைப் புரட்டினாள். "பாத்தாங்க. தொண்ணூத்தேழு. ஆனா கை சில்லுனு இருந்துச்சு, கருவி தப்பாக் காட்டலாம்னு..."

"உதடு நீலமா?"

"அது குறிக்கல."

"நாக்கு?"

"கிளெனிஸ்..."

"மடியில நீலத்துல ஒண்ணு கிடக்குது, விரல் நீலமா இருக்குது. ஈரத்துணி எடுத்து ஒரு தடவ துடைச்சுப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்? என் பஸ்ல ஏறுன ஆறு வயசுப் பிள்ள துடைச்சிருக்கும்! மறதி நோய்க்காரியத் துணைக்கு ஆள் இல்லாம ஒரு மணி நேர வழி அனுப்பி, நடைபாதையில நாலு மணி நேரம் போட்டு வெச்சு, கைய உரிக்க விட்டிருக்கீங்க. இத எழுதறதுக்கு அந்தத் தாள்ல இடம் இல்லையா?"

லியான் வோஸ் விரல்களைக் கோத்துக்கொண்டாள். இனிக் கைக்கூடு கிடையாது என்றாள். குடியிருப்போர் கையில் இருக்கிற எந்தத் துணியும் இல்லத்துச் சலவை இயந்திரத்தில் எழுபது டிகிரியில் துவைத்து வர வேண்டும், தொற்றுத் தடுப்பு விதி அதுதான், இதுவரை கண்டும் காணாமல் இருந்தது அவர்கள் பிசகு. எழுபது டிகிரியில் போட்டால் கம்பளி கட்டியாகிவிடும் என்று கிளெனிஸ் சொன்னாள். அதனால்தான் வேண்டாம் என்கிறோம் என்றாள் லியான்.

"அப்ப அவ கைய எதால நிறுத்துவீங்க?"

"வெள்ளிக்கிழமை டாக்டர் எய்ன்ஸ்லி வராங்க. சாயங்காலம் ஒரு சின்ன மாத்திரை. அமைதியா இருப்பாங்க. உங்க சம்மதக் கையெழுத்து வேணும்."

அமைதி என்றால் என்னவென்று கிளெனிஸுக்குத் தெரியும். அதே கூடத்தில் மூன்று பேர் அந்த அமைதியில்தான் தலை தொங்கி, எச்சில் வடிய உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்தால் விழுவார்கள். விழுந்தால் இடுப்பு முறியும்.

"போட மாட்டேன்னா?"

"அப்ப அவங்கள பாத்துக்கற வசதி எங்ககிட்ட இல்லன்னு ஆகும். லான்செஸ்டன்ல பூட்டு வெச்ச பிரிவு ஒண்ணு இருக்கு. அங்க இடம் கேக்கணும்."

"வெள்ளிக்கிழமைதான?"

"வெள்ளிக்கிழமை ரெண்டு மணி."

கிளெனிஸ் எழுந்தாள். கதவைச் சாத்தும்போது சத்தம் வரவில்லை. அதற்குத்தான் அவளுக்கு அதிகப் பாடு.

எழுபது டிகிரி தாங்க வேண்டும். சாயம் ஒட்டக் கூடாது. சரி. அன்று மதியமே கம்பளியை ஒதுக்கிவிட்டு லினனும் பருத்தியும் எடுத்தாள். இரண்டையும் கொதிக்க வைக்கலாம், ஒன்றும் ஆகாது. வீட்டில் ஏற்கெனவே அவுரி ஏற்றிய லினன் இருந்தது. அதைச் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தாள். தண்ணீர் மை மாதிரி ஆயிற்று. கொட்டினாள், மறுபடி வைத்தாள். கொட்டினாள், மூன்றாம் முறை வைத்தாள். ஒவ்வொரு பானையைக் கவிழ்க்கும்போதும் லியானை ஒரு வார்த்தை, அந்த நர்ஸை ஒரு வார்த்தை, தன்னை இரண்டு வார்த்தை. நாலாவது தண்ணீர் தெளிவாக நின்றது. நூல் பழைய வேலைச் சட்டை நிறத்துக்கு வந்திருந்தது. வியாழக்கிழமையே இதைச் செய்திருந்தால் கோரல் கையில் தோல் இருந்திருக்கும்.

செவ்வாய் முழுக்கப் பின்னினாள். புதன் காலை கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கோரல் கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு. வலது கை அந்தக் கட்டின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அந்தக் கையை மெல்லப் பிடித்து விலக்கிக்கொண்டிருந்தாள் சரலா குருங். நேபாளத்திலிருந்து வந்தவள், இல்லத்தில் ஆறு வருடமாகப் பராமரிப்பு வேலை. கிளெனிஸை ‘தீதி’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் ஊரில் அக்காவுக்கு அதுதான் பெயர்.

"காலையில இருந்து இதேதான், தீதி. நான் கைய எடுத்தா அவங்க கை கட்டுக்குப் போயிடுது. எனக்கு இன்னும் ஒன்பது பேர் இருக்காங்க."

கிளெனிஸ் லினன் கைக்கூட்டை மடியில் வைத்தாள். கோரலின் விரல்கள் உடனே போயின. வரப்பைத் தொட்டன, முடிச்சைத் தொட்டன, உள்ளே போய்த் திரும்பி வந்தன. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் எடுத்துத் தரையில் எறிந்தாள்.

"சாக்கு" என்றாள்.

மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் சொல் அது. விரல்கள் நேராகக் கட்டுக்குத் திரும்பின.

கிளெனிஸ் குனிந்து எடுத்தாள். எதிரே இருந்த சுவரை ஓங்கி உதைக்க வேண்டும் போல இருந்தது. "கம்பளி இல்லன்னா இவ தொட மாட்டா. கம்பளின்னா அந்த மெஷின் விடாது" என்றாள்.

"அந்த மெஷின் பேயி, தீதி" என்றாள் சரலா. "போன மாசம் என் ஸ்வெட்டர் தெரியாம துணியோட போயிடுச்சு. இப்ப பொம்மைக்குத்தான் போடலாம். அலமாரியில இருக்கு, பாருங்க, சிரிப்பீங்க."

எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு பெரிய பெண்ணின் ஸ்வெட்டர் தேநீர்க் கெண்டிக்கு மாட்டுகிற உறை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கிளெனிஸ் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. பின்னல் கண்ணிகள் ஒன்றோடொன்று கெட்டித்து ஒரே பலகையாகிவிட்டிருந்தன.

"இத மறுபடி அதுல போட்டியா?"

"பழசுதானன்னு தரை துடைக்க வெச்சோம். பத்துத் தடவ போயிருக்கும்."

"அதுக்கப்புறம் இன்னும் சுருங்குச்சா?"

சரலா யோசித்தாள். "இல்ல. முதல் நாள் ஆனதுதான்."

கிளெனிஸ் கோட்டை மாட்டிக்கொண்டாள். "எனக்கு நாளைக்கு அந்த மெஷின் ஒரு தடவ வேணும்."

"லியானுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். எழுபது டிகிரியில போடணும்னு சொன்னதே அவதான்."

வீட்டுக்குப் போனதும் நெரிடாவைக் கூப்பிட்டாள்.

"கம்பளிய வேணும்னே மெஷின்ல கெடுக்கப் போறியா?" என்றாள் நெரிடா. "சங்கத்துல சொன்னா உன் உறுப்பினர் அட்டையப் பிடுங்கிடுவாங்க."

"பிடுங்கட்டும். உன் தடி ஊசி ஒரு ஜோடி குடு. நீ காதலிச்ச காலத்துல அவனுக்கு மப்ளர் போட்டியே, அந்த ஊசி."

"அவனும் சுருங்கித்தான் போனான்" என்றாள் நெரிடா. அரை மணியில் ஊசியோடு வந்துவிட்டாள்.

செங்கல் நிற மெரினோ வீட்டில் இருந்தது, லினனும் இருந்தது. இரண்டும் ஒரே யூகலிப்டஸ் பானையில் நாலு மணி நேரம் வெந்து நிறம் ஏறியவை. கொதித்து வந்த நிறத்துக்கு எழுபது டிகிரி புதிதல்ல. கிளெனிஸ் ஒரு கால்சட்டைக் கால் அகலத்துக்குக் கண்ணி போட்டு, கம்பளியில் ஆறு வரி, லினனில் நாலு வரி, மறுபடி கம்பளி என்று தொளதொளவெனப் பின்னினாள். சில இடங்களில் கம்பளிக்கு நடுவே லினனைத் தீவு தீவாக விட்டாள். கம்பளி சுருங்கும், லினன் சுருங்காது. சுருங்காதது போக இடமில்லாமல் புடைத்துக்கொண்டு நிற்கும். இத்தனை வருடம் இரண்டையும் சேர்த்துப் பின்னியவளுக்கு அது கணக்குப் போடாமலே தெரியும். ஆனால் எவ்வளவு சுருங்கும் என்று சோதனைத் துண்டு போட்டுப் பார்க்க நாள் இல்லை. இன்னொரு முறை பின்னவும் நாள் இல்லை.

வியாழன் மதியம் மூன்று மணிக்கு இல்லத்துச் சலவை அறையில் அது இயந்திரத்துக்குள் போனது, கூடவே பன்னிரண்டு மேசை விரிப்பும். கண்ணாடிக் கதவு வழியாகச் செங்கல் நிறம் சுற்றிச் சுற்றி வந்தது. லியான் வந்து வாசலில் நின்றாள்.

"இது அனுமதி இல்லாத..."

"எழுபது டிகிரி" என்றாள் கிளெனிஸ், இயந்திரத்தின் எண்ணைக் காட்டி. "உங்க விதி. உங்க மெஷின். உங்க சோப்பு. இன்னும் என்ன வேணும்?"

"வெள்ளை விரிப்பெல்லாம் நிறம் மாறினா?"

"மாறினா நானே மாத்திரைக்குக் கையெழுத்துப் போடறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்தத் தடவை காய்ச்சியிருக்கிறாள், அலசியிருக்கிறாள், வெள்ளைத் துணியால் இருபது இடம் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் ஒரு வாரத்துக்கு முன் ‘ஏறக்குறைய’ என்று விட்டவளும் அவள்தானே. ஐம்பது நிமிடம் அந்த அறையில் நின்றாள். லியானும் போகவில்லை.

கதவு திறந்தது. விரிப்பு பன்னிரண்டும் வெள்ளை. ஒவ்வொன்றையும் கிளெனிஸ் உதறி, லியான் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். பன்னிரண்டையும். பிறகு அடியிலிருந்து கைக்கூட்டை எடுத்தாள். போட்டதில் பாதியாகிவிட்டிருந்தது. கம்பளி கெட்டித்து, ஒரு கண்ணிகூடத் தெரியாமல் விரற்கடைத் தடிமனில் இறுகிப்போயிருந்தது. நடுவே லினன் தீவுகள் வைக்கோல் நிறத்தில் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருந்தன. கோரலின் கை இரண்டும் நுழையுமா என்று தன் கையை விட்டுப் பார்த்தாள். இறுக்கமாக நுழைந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு டாக்டர் எய்ன்ஸ்லி வந்தாள். ஐம்பது வயதுக்காரி, ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவள், அவசரக்காரி. கிளெனிஸ் கூடத்தின் நடுவில் நின்று, வெள்ளைத் தலையணை உறை ஒன்றை நனைத்துக் கைக்கூட்டின்மேல் அழுத்தி முப்பது தடவை தேய்த்தாள். உறையை மருத்துவரிடம் கொடுத்தாள், பிறகு லியானிடம் கொடுத்தாள். கறை இல்லை.

"நல்லா இருக்கு. ஆனா அவங்க இத வெச்சுக்குவாங்களா?" என்றாள் டாக்டர்.

அதுதான் கிளெனிஸுக்கும் தெரியவில்லை. சரலா கோரலின் கையைக் கட்டின் மேலிருந்து எடுத்தாள். கிளெனிஸ் கைக்கூட்டை மடியில் வைத்தாள்.

கோரல் அதை முகர்ந்தாள். விரலால் அழுத்தினாள். ஓரத்தைக் கிள்ளி ஒரு இழையைப் பிரித்தெடுக்கப் பார்த்தாள். வரவில்லை. மறுபுறம் திருப்பிக் கிள்ளினாள். அங்கேயும் வரவில்லை. அவள் முகம் மெல்லச் சிவந்தது.

"எந்தக் கழுத இத வேக வெச்சது?"

கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் விழித்துக்கொண்டார்.

"மெரினோ!" என்றாள் கோரல். "நல்ல முதுகு ரோமம்! இத வேக வெச்சிருக்கானுங்க! கொட்டகைக்கு யாரு பொறுப்பு?"

"நான்தான்" என்றாள் கிளெனிஸ்.

"நீயா? உனக்குக் கண்ணு இருக்கா? கை இருக்கா? இப்படி ஒரு மூட்டைய ஏலத்துக்கு அனுப்புனா என் பேரு என்ன ஆகும்?" கோரலின் பத்து விரலும் லினன் கொப்புளங்களுக்குள் புகுந்து, இறுகிய கம்பளியைப் பிரிக்கத் தேடின. இடது கையின் கட்டு அவள் நினைவிலேயே இல்லை. "இத நான்தான் சரி பண்ணணும். எல்லாத்தையும் நான்தான் சரி பண்ணணும். மடப் பசங்க."

டாக்டர் எய்ன்ஸ்லி நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். இருபத்தைந்து நிமிடம் பார்த்தாள். கோரல் ஒரு தடவைகூடத் தன் தோலைத் தொடவில்லை, ஒரு தடவைகூட வாயை மூடவும் இல்லை.

"மாத்திரை வேண்டாம். நாலு வாரம் கழிச்சுப் பாக்கறேன்" என்று எழுந்தாள். பிறகு லியானிடம் கையை நீட்டினாள். "சனிக்கிழமை அறிக்கையக் குடுங்க. முன்னாடியே படிச்சேன். துடைச்சுப் பாக்கலன்னு அதுல ஒரு வரி சேக்கணும். அப்பத்தான் நான் கையெழுத்துப் போட முடியும்."

"குடும்பத்தோட தப்பும்..." என்றாள் லியான்.

"அது முதல் வரி" என்றாள் கிளெனிஸ். "நான் எழுதிக் கொண்டுவந்திருக்கேன்." பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். லியான் அதை வாங்கிக்கொண்டு அறைக்குப் போனாள். கதவைப் பலமாகவே சாத்தினாள்.

கையின் புண் ஆற ஏழு வாரம் ஆகும் என்று டாக்டர் போகிறபோது சொன்னாள். தழும்பு நிற்கும். அதைக் கேட்டதும் கிளெனிஸின் கோபம் மறுபடி ஏறியது. எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"ஏய், நீதான்" என்று கோரல் கூப்பிட்டாள். "என்ன நின்னுக்கிட்டு இருக்க? உன்ன வேலையிலிருந்து எடுத்தாச்சு."

"சரி. எப்ப போகணும்?"

"இதப் பிரிச்சு முடிக்கற வரைக்கும் இரு. எங்க வேக வெச்ச, எவ்வளவு நேரம் வெச்ச, எல்லாம் சொல்லிட்டுப் போ."

பத்து முறை துவைத்தாலும் அது பிரியாது. கிளெனிஸ் ஒரு நாற்காலியை இழுத்து அக்காவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "எழுபது டிகிரி" என்று ஆரம்பித்தாள். கோரல் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், விரல்களை இன்னும் ஆழமாக உள்ளே விட்டாள்.